தாளை எங்கே வைப்பது?

"அக்கா, நம்ம சீட்டக் காட்டவே இல்லையே?"

2021ஆம் ஆண்டின் இறுதியில் ஓர் இரவு, தொலைக்காட்சி நிலையமொன்றிலிருந்து கொழும்பு, கொட்டாஞ்சேனையில் உள்ள வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, மலையகத்தில் அட்டனுக்கு அப்பாலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த அழைப்பில் முதலாவதாகக் கேட்ட குரல் இது. பேசியவர் கொழுந்து பறிக்கும் பெண். அன்றைய அரசியல் கலந்துரையாடலுக்கென்று தன் சம்பளச் சீட்டை என்னிடம் தந்திருந்தார். பெயரையும் இலக்கத்தையும் மறைத்துத்தான் காட்டுவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் அக்கம்பக்கத்தவர் நான்கைந்து பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு, சீட்டு எப்போது வரும் என்று ஒரு மணி நேரம் பார்த்திருக்கிறார். சீட்டு அந்த ஒரு மணி நேரமும் என் கையில்தான் இருந்தது. ஆனால் காட்ட முடியவில்லை. அதற்கான காரணத்தை அவரிடம் சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கலையகத்தில் மேசை இருக்கவில்லை என்பதுதான் காரணம். ஒரு மேசை இல்லாததால் ஒரு மாதச் சம்பளக் கணக்கு நாட்டுக்குத் தெரியாமற் போனது என்று சொன்னால், மலையில் காலை முதல் மாலை வரை நின்று வேலை செய்யும் ஒருவருக்கு அது சாக்குப்போக்காகத்தான் படும் என்று அஞ்சினேன். இன்றுவரை அந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

பழைய மேசை

அந்த நிகழ்ச்சியின் பழைய மேசையை எனக்குக் கிட்டத்தில் தெரியும். 2019 மார்ச்சில் முதன்முறையாக அழைக்கப்பட்டபோது அதன் ஓரத்தில் முழங்கையை ஊன்றி ஒரு மணி நேரம் இருந்தேன். பிறை வடிவ மேசை அது. திரையில் தேக்குப் போலத் தெரியும். அருகே போய்ப் பார்த்தால், மரத்தூளை அழுத்திச் செய்த பலகையின் மேல் மரக்கோடு அச்சிட்ட தாளை ஒட்டியிருப்பது தெரியும். நான் இருந்த பக்கத்து விளிம்பில் அந்தத் தாள் ஒரு விரல் நீளத்துக்குப் பிய்ந்திருந்தது. எனக்கு முன் அங்கே இருந்து பதற்றப்பட்டவர்களின் நகங்கள் அதை இன்னும் கொஞ்சம் உரித்திருந்தன. பார்ப்பவர்களுக்குத் தெரியாத உட்புறத்தில் ஒலிவாங்கிக் கம்பிகளைக் கறுப்பு நாடாவால் ஒட்டி வைத்திருந்தார்கள். வீட்டில் சாப்பாட்டு மேசை எந்த உயரமோ அதே உயரம். எனவே கை தானாகவே அதன்மேல் போய் அமர்ந்தது.

அவ்வாண்டு ஜனவரி இறுதியில்தான் தோட்டத் தொழிலாளர்களுக்கான கூட்டு ஒப்பந்தம் கைச்சாத்தாகியிருந்தது. அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபாயிலிருந்து 700 ரூபாயாகியது. 200 ரூபாய் கூடிவிட்டது, 40 சதவீத உயர்வு என்று மேடைகளில் முழங்கினார்கள். ஆனால் 2016ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் அந்த 500க்கு மேல் வேலைக்கு வரும் வரவுக்கு 60, உற்பத்திக்கு 140, தேயிலை விலைப்பங்காக 30 என்று மூன்று கொடுப்பனவுகள் இருந்தன. எல்லாம் சேர்ந்தால் 730. புதிய ஒப்பந்தத்தில் வரவுக் கொடுப்பனவும் உற்பத்திக் கொடுப்பனவும் எடுபட்டுப்போய், 700உடன் விலைப்பங்கு 50 மட்டும் சேர்ந்து 750 ஆனது. எல்லாக் கொடுப்பனவையும் ஒழுங்காகப் பெற்றுவந்த ஒரு தொழிலாளிக்குக் கூடியது 20 ரூபாய்.

இதைச் சொல்வதற்காக இரண்டு ஒப்பந்தங்களிலும் உரிய பக்கங்களைப் பிரதியெடுத்துக் கொண்டுபோயிருந்தேன். எதிரே இருந்த பிரதிநிதி 200 ரூபாய்க் கதையைத் தொடங்கியதும் இரண்டு தாள்களையும் மேசைமேல் அவர் பக்கமாகத் தள்ளினேன். அவை வழுக்கிப் போய் அவருடைய தண்ணீர்க் குவளையில் முட்டி நின்றன. அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். நெறியாளர், "வாசியுங்கள் ஐயா" என்றார். அவர் விரலை வைத்து வரி வரியாக வாசித்தார். அவருடைய தோளுக்கு மேலாக ஒரு கமரா அந்த விரலைப் பின்தொடர்ந்தது. வாசித்து முடித்தபின் அவர் சொன்ன பதிலும் எளிதில் தட்டிவிடக்கூடியதாக இருக்கவில்லை. 60உம் 140உம் எல்லோருக்கும் கிடைத்தவை அல்லவே என்றார். கொழுந்து குறைந்த மாதங்களில் கிலோ எடுக்க முடியாமல், வரவும் போதாமல் இருந்தவருக்கு 530தான் கிடைத்தது. அவருக்கு 750 என்பது 220 ரூபாய் உயர்வு என்றார். அது உண்மை. அந்தக் கணக்கை நானும் ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. அதன்பிறகு, எத்தனை பேர் முழுக் கொடுப்பனவையும் பெற்றார்கள், எத்தனை பேர் பெறவில்லை என்ற இடத்துக்குப் பேச்சு நகர்ந்தது. பேச வேண்டிய இடமும் அதுதான்.

மேசைக்கு வந்த தாள் இரண்டு பேருக்கும் பொதுவாகிவிடுகிறது. நான் கொண்டுபோன பிரதிகள் எனக்கு மட்டும் சாட்சி சொல்லவில்லை. அவருக்கும் பதில் எடுத்துக் கொடுத்தன. நம் நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் ஆவணமொன்றை முன்வைக்கும்போது, "சபாபீடத்தில் சமர்ப்பிக்கின்றேன்" என்பார். சபாபீடம் என்றால் சபையின் மேசை. அங்கே வைக்கப்பட்ட தாளை எதிர்த்தரப்பும் எடுத்துப் பார்க்கலாம். சிறு வயதில் இந்தச் சொல்லை வானொலியில் கேட்டபோது ஏதோ கோயில் பீடம் என்று நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால் அந்த மதிப்பு அதற்குத் தகும் என்றே தோன்றுகிறது.

தாளும் மேசையும் சேர்ந்த காட்சி தொலைக்காட்சியோடு சேர்ந்து நமக்குள் ஊறியது. 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி தொடங்கிய பிறகு, எங்கள் தோட்டத்தில் கார் பற்றரியில் ஓடிய ஒரே பெட்டியின் முன்னால் இரண்டு லயமும் கூடியிருந்த காலத்தில், செய்தி முடிந்ததும் வாசிப்பாளர் தாள்களை எடுத்து மேசையில் ஒருமுறை தட்டி ஒழுங்குபடுத்துவார். என் தாத்தா எழுதப் படிக்கத் தெரியாதவர். அந்தத் தட்டலைப் பார்த்துத்தான் செய்தி முடிந்தது என்று எழும்புவார்.

சுவர் வந்தது

பிறகு அரங்கை மாற்றினார்கள். இரண்டாவது தடவை நான் போனபோது பிறை மேசை இருந்த இடத்தில் பளபளக்கும் கறுப்புத் தரை. பின்னால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை எல்.ஈ.டி. சுவர்; முன்னால் ஒன்றுக்கொன்று ஆறடி தள்ளி உயரமான நாற்காலிகள். நெறியாளருக்கு மட்டும், டெப்லெட் ஒன்றை வைக்கும் அளவில், ஒற்றைக் கால் தாங்கி ஒன்று.

மாற்றியதற்கான காரணங்களை நிகழ்ச்சித் தயாரிப்பாளரான தம்பி பொறுமையாக விளக்கினார். நியாயமில்லாதவை என்று நான் ஒன்றையும் தள்ளமாட்டேன். தச்சர்கள் செய்த அரங்கைக் கழற்றி அடுத்த நிகழ்ச்சிக்கு வேறொன்றைப் பூட்ட ஆளும் நேரமும் வேண்டும். சுவர் என்றால் காலையில் சமையல், பிற்பகலில் சிறுவர் நிகழ்ச்சி, இரவில் அரசியல், மூன்றுக்கும் படத்தை மாற்றினாற் போதும். பெருந்தொற்றுக் காலத்தில் விருந்தினர்களைத் தள்ளித் தள்ளி இருத்த வேண்டியிருந்தது. எல்லாவற்றிலும் பெரிய காரணம் கைத்தொலைபேசி. நிகழ்ச்சியை முழுதாகப் பார்ப்பவர்களைவிட, அதிலிருந்து வெட்டிப் போடும் ஒரு நிமிடத் துண்டைப் பார்ப்பவர்கள்தான் அதிகம் என்றார். நிமிர்ந்த திரையில் ஒரு முகமும் அதற்குப் பின்னால் ஒரு படமும்தான் கொள்ளும். "மேசை வந்தாலும் அதை வெட்டிடத்தான் வேணும் அக்கா" என்றார்.

பழைய மேசையிலும் குறை இருந்தது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் நெறியாளருக்குப் பக்கத்தில், நானும் என்னைப் போன்றவர்களும் பிறையின் நுனியில் என்று அதில் எழுதப்படாத ஒரு வரிசை இருந்தது. நான் பார்த்த இரவுகளில் பெண்கள் பெரும்பாலும் நுனியிலேயே இருந்தார்கள். முன்பலகை மார்புவரை மறைத்ததால் எல்லோரும் நீதவான்களைப் போலத் தோன்றினார்கள். புதிய அரங்கில் எல்லாருக்கும் ஒரே உயரம், ஒரே நாற்காலி. அதை வரவேற்கத்தான் வேண்டும். கீழ்வீட்டு மாமி, "இப்பதான் பாக்கிறதுக்கு வெளிச்சமா வடிவா இருக்கு" என்று சொன்னபோது நானும் ஆமென்றேன். மேசையோடு சேர்ந்து வேறென்ன போனது என்பது, அந்த நாற்காலியில் ஏறி இருக்கும்வரை எனக்குத் தெரியாது.

அந்த இரவு

2021 மார்ச்சில், சம்பளச் சபையின் தீர்மானத்தின்படி, நாட்சம்பளம் 900 ரூபாயும் வரவுசெலவுத் திட்டக் கொடுப்பனவு 100 ரூபாயுமாக 1,000 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. ஆறு ஆண்டுகளாகக் கேட்ட கோரிக்கை. அதன் பின்னர் கொழுந்தின் கிலோ அளவைப் பல தோட்டங்கள் உயர்த்தின. அந்த அளவுக்குப் பறிக்காதவருக்கு அன்று முழுப் பேர் இல்லை, அரைப் பேர்தான். அதாவது அரை நாள் சம்பளம். மலைநாட்டுத் தமிழர் எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. கொழும்பில் இதைச் சொல்லும்போதெல்லாம், அப்படியும் உண்டா என்று கேட்கிறார்கள். என் கையிலிருந்த சீட்டில் அது உண்டு: அந்த மாதத்தில் 12 முழுப் பேர், 7 அரைப் பேர். சேமலாப நிதிக்கு 8 சதவீதம், சங்கச் சந்தா, தீபாவளி முற்பணத்தின் தவணை, தேயிலைத் தூள் என்று ஒவ்வொன்றாகக் கழிபட்டு, கடைசி வரியில் மிஞ்சிய தொகை ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு அரிசிக்கும் மாவுக்கும் போதாது.

ஒலிவாங்கியைச் சேலைத் தலைப்பில் பூட்டிய பிறகு கலையக முகாமையாளர் என்னிடம் வந்தார். "அக்கா, பேப்பரக் கையில வச்சிருந்தா சத்தம் மைக்குல விழுது. கீழ வச்சிடுங்க" என்றார். கீழே என்றால் தரையில். அந்தப் பெண் தன் ரவிக்கைக்குள் மடித்து வைத்திருந்து எடுத்துத் தந்த சீட்டு அது. நான்காக மடித்த கோட்டில் வியர்வையின் கறை இருந்தது. அதைத் தரையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. மடியில் வைத்தேன். நாற்காலி உயரம், கால் ஊன்ற ஒரு கம்பிதான் உண்டு. மடி சரிவாகவே இருந்தது. இரண்டு தடவை வழுக்கியதைப் பிடித்துக்கொண்டேன். ஒரு கையால் தாளைப் பிடித்துக்கொண்டு மறு கையை அசைத்துப் பேசுபவளின் கவனம் பேச்சில் முழுதாக இருக்காது.

நிகழ்ச்சி தொடங்கியபோது சுவரில் ஒரு படம் எழுந்தது. கூடை சுமந்து சிரிக்கும் ஒரு பெண். அவளுக்கு மேலே, ஓர் ஆள் உயரத்தில், "ரூபா 1,000". இப்போது பல தோட்டங்களில் கூடைக்குப் பதில் சாக்கைத்தான் கட்டிக்கொண்டு போகிறார்கள். அது வேறு கதை.

என் முறை வந்ததும் சீட்டைத் தூக்கிப் பிடித்தேன். எதிரிலிருந்த சிறிய திரையில் என்னைப் பார்த்தேன்: என் கையில் ஒரு வெள்ளைச் சதுரம், அவ்வளவுதான். சுவரின் வெளிச்சத்துக்கும் மேலிருந்து விழுந்த வெளிச்சத்துக்கும் இடையில் எழுத்தொன்றும் தெரியவில்லை. கமரா கிட்ட வரவுமில்லை. அரைப் பேரைப் பற்றி வாயால் சொன்னேன், எண்களையும் சொன்னேன். ஆறடிக்கு அப்பால் இருந்த பிரதிநிதி என் கையைப் பார்க்கவேயில்லை. அவர் நாற்காலியில் மெல்லத் திரும்பிச் சுவரைக் காட்டினார். "ஆயிரம் ரூபாய் கிடைத்துவிட்டது. அதோ, அங்கேயே இருக்கிறதே" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. சபையில் பேசிப் பழகாதவள் அல்ல நான். தொழில் நீதிமன்ற வளாகங்களில் இருபது ஆண்டுகளாக ஏறி இறங்குகிறவள். ஆனால் அந்தக் கணத்தில் எனக்கு விளங்கியது வேறொன்று. முன்பு நான் ஒரு தாள் கொண்டுபோவேன், அவர் ஒரு தாள் கொண்டுவருவார், இரண்டும் மேசையில் கிடக்கும். இப்போது எங்கள் இருவருக்கும் முன்பாகவே ஓர் ஆவணம் அங்கே இருந்தது. அதை எழுதியது கட்டுப்பாட்டு அறை. அதை நான் எடுத்துப் பார்க்க முடியாது, திருப்ப முடியாது, அதன் அடியில் ஒரு வரி சேர்க்க முடியாது. "12 முழுப் பேர், 7 அரைப் பேர்" என்ற என் சீட்டு உள்ளங்கை அளவு. அது ஒரு சுவர் அளவு. அதை அங்கே போட்டவர்கள் எந்தத் தரப்புக்கும் சாய்ந்து போட்டார்கள் என்று நான் நம்பவில்லை. தலைப்பு என்ற அளவில்தான் போட்டார்கள். ஆனாலும் ஒரு விவாதம் தொடங்குமுன்பே அதன் முடிவை விவாதிப்பவர்களின் தலைக்கு மேல் எழுதி வைத்தது போல ஆகிவிட்டது.

அடுத்த நாள் அந்தத் துண்டு வெளிவந்தது. நிமிர்ந்த சட்டகத்தில் அவருடைய முகம், பின்னால் 1,000, அவருடைய நீட்டிய விரல். என் சீட்டும் இல்லை, நானும் இல்லை.

தாளுக்காக முன்பும் சண்டை நடந்தது

இது கொழும்பில் மட்டும் உள்ள விடயமன்று. 1960ஆம் ஆண்டின் கென்னடி–நிக்சன் விவாதங்கள் என்றால் எல்லோரும் முதலாவதைத்தான் சொல்வார்கள்: வெளிறிய பின்னணி, நிக்சனின் சாம்பல் நிறக் கோட்டு, அவருடைய சோர்ந்த முகம். எனக்கு முக்கியமாகப் படுவது ஒக்டோபர் 13ஆம் திகதி நடந்த மூன்றாவது. அன்று கென்னடி நியூயோர்க்கில், நிக்சன் லொஸ் ஏஞ்சலிஸில். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், இரண்டு கலையகங்களிலிருந்து பேசினார்கள். விவாதம் முடிந்ததும், கென்னடி தாள்களைப் பார்த்துப் பேசினார், அது உடன்பாட்டுக்கு மாறானது என்று நிக்சன் குற்றஞ்சாட்டினார். அப்படியோர் உடன்பாடு இருக்கவில்லை என்பது கென்னடி தரப்பின் பதில். ஒரே மேசையில் இருந்திருந்தால், என்ன தாள் அது, காட்டுங்கள் என்று கேட்டு அங்கேயே முடித்திருக்கலாம்.

2024 ஜூன் 27இல் அட்லாண்டாவில் பைடனும் ட்ரம்பும் சந்தித்தபோது ஒவ்வொருவருக்கும் கொடுக்கப்பட்டவை ஒரு பேனா, ஒரு வெற்றுத் தாள்கட்டு, ஒரு போத்தல் தண்ணீர். எழுதிய குறிப்பெதையும் கொண்டுவரக் கூடாது. தலைவராக வரப்போகிறவரின் நினைவாற்றலைச் சோதிக்க அந்த விதி சரியாக இருக்கலாம். சம்பளத்தைப் பற்றியோ காணியைப் பற்றியோ பேசும் நிகழ்ச்சியில் யாருடைய நினைவாற்றலும் எங்களுக்குத் தேவையில்லை. சீட்டில் என்ன இருக்கிறது, காணி உறுதியில் என்ன இருக்கிறது என்பதுதான் தேவை. யாழ்ப்பாணத்திலிருந்து சூம் வழியாக இணைபவர் இப்போது அந்தச் சுவரில் ஆறடி முகமாக வருகிறார். அவருடைய கைகள் எங்கேயும் தெரிவதில்லை. காணி உறுதிப் பத்திரத்தை அவர் கமராவுக்கு நீட்டினால், அவருடைய முகமே மறைந்துவிடுகிறது.

நவம்பரில்

2024இல் நாட்சம்பளம் 1,350 ஆனது. 2025 நவம்பர் 7ஆம் திகதி வரவுசெலவுத் திட்டத்தில், அதை 1,550 ஆக்கி, அதற்கு மேல் நாளொன்றுக்கு 200 ரூபாயை வரவுக்கான ஊக்கத்தொகையாக அரசாங்கம் தரும் என்று அறிவித்தார்கள். அடுத்த வாரம் மறுபடி அழைப்பு வந்தது. தம்பியிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: இரண்டு நாற்காலிகளுக்கு இடையில் ஒரு சிறிய மேசை. அவர் மறுக்கவில்லை, முயன்று பார்த்தார். தாழ்ந்த மேசை நாற்காலிக்கு எட்டாது, உயர்ந்தது பக்கக் கமராவை மறைக்கும். "சீட்டப் படமெடுத்து அனுப்புங்க அக்கா, சுவர்லயே போடுறோம்" என்றார். பெயரையும் இலக்கத்தையும் மறைத்து அனுப்பினேன். அதே பெண்ணின் ஒக்டோபர் மாதச் சீட்டு. அன்றிரவு அது சுவரில் வந்தது: சற்றுச் சாய்வாக, மங்கலாக, கூடைப் படத்துக்குப் பின்னால் ஓர் அலங்காரமாக. அதன்மேல் "1,750" என்று தெளிவாக இருந்தது.

இது நடக்கலாம் என்று எண்ணி, கிளம்புமுன் கொட்டாஞ்சேனையில் பள்ளிப் பிள்ளைகள் பரீட்சைக்கு வாங்கும் கிளிப் அட்டை ஒன்று வாங்கியிருந்தேன். தாளை அதில் பூட்டினால் சரசரக்காது. மடியில் வைத்தால் வழுக்காது. ஊக்கத்தொகையைப் பற்றி என்னிடம் கேட்டபோது, தோட்டம் வேலை கொடுக்காத நாளில் வராதது யாருடைய குற்றம், அரைப் பேர் போட்ட நாளுக்கு முழு 200 உண்டா என்று கேட்டேன். எதிரே இருந்தவர் வேறொரு பிரதிநிதி, இளைஞர். பதிலுக்கு அவர் சுவரை நோக்கித் திரும்பத் தொடங்கியதும், நான் நாற்காலியிலிருந்து இறங்கினேன். முகாமையாளர் வேண்டாமென்று கையசைத்தார். ஆறடி நடந்து போய் அட்டையை அவரிடம் நீட்டினேன்.

அவர் வாங்கிக்கொண்டார். வாங்கியதும் அதை எங்கே வைப்பது என்று வலமும் இடமும் பார்த்தார். வைக்க இடமில்லை. ஆகவே இரண்டு கைகளாலும் முழங்காலின் மேல் பிடித்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். இடைவேளை வரையில் அது அவர் கையிலேயே இருந்தது. பிறகு மறுஒளிபரப்பில் பார்த்தேன்: அவர் வாசித்த நேரம் முழுவதும் திரையில் இருந்தது சுவர்தான், குரல் மட்டும் அதன்மேல் கேட்டது.

அன்றிரவும் தோட்டத்திலிருந்து அழைப்பு வந்தது. சீட்டு சரியாகத் தெரியவில்லை என்றார். அந்த இளைஞர் வாசித்தது கேட்டதா என்று கேட்டேன்.

"கேட்டுச்சு அக்கா. அரைப் பேரு எட்டுன்னு வாசிச்சாரு."